கொண்டோ வீட்டுல சின்னப் பிள்ளைக்கு பெர்த்டே பார்ட்டியா? பலூன் அப்புறம், முதல்ல கேட்டுல இருக்கிற கார்ட் ஹவுஸைப் பாருங்க

போன வருஷம் அக்டோபர்ல என் மகளுக்கு 3 வயசு. ஹோட்டல், மண்டபம்னு போனா காசு பிச்சுக்கும், வீட்டுலயே வைப்போம்னு நானும் வீட்டுக்காரரும் முடிவு பண்ணோம். நாங்க இருக்கிறது கோலாலம்பூர்ல செந்தூல் பக்கம் ஒரு கொண்டோ, 14-வது மாடி, வாடகை வீடு. ரெண்டு வாரமா நான் மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டது என்னன்னா பலூன் ரோஸா ஊதாவா, கேக்ல யூனிகோர்ன் கொம்பு தங்கமா வெள்ளியா, இதுதான். அன்னிக்கு என்ன நடந்துச்சு? வந்தவங்கள்ல பாதிப் பேரு கேட்டுல செக்யூரிட்டி கார்ட் கூட சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க, 3 காருக்கு சக்கரத்துல கிளாம்ப் (பூட்டு) போட்டுட்டாங்க, அதுல ஒண்ணு என் நாத்தனார் வீட்டுக்காரரோடது, கேக் ஒரு பக்கமா சாஞ்சு வந்துச்சு, எல்லாரும் ஒரு வழியா மேல வந்து சேர்றப்போ பெர்த்டே பேபி சோபாவுல தூங்கிட்டா.

இந்த வருஷம் 4 வயசுக்கு மறுபடியும் வீட்டுலதான் வச்சோம், ஒழுங்கா நடந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல கத்துக்கிட்டதைத்தான் கீழ எழுதுறேன். இதுல வர்ற விலை எல்லாம் நான் குடுத்தது, நான் விசாரிச்சது. உங்க ஏரியாவுல கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

1. தலையை எண்ணுங்க, கூடவே காரையும் எண்ணுங்க

கேக், சாப்பாடு, இடம் எல்லாமே இந்த ஒரு நம்பர்ல இருந்துதான் வரும், அதனால குறைஞ்சது 4 வாரத்துக்கு முன்னாடி உக்காந்து எழுதிடுங்க. பிள்ளைங்க எத்தனை, பெரியவங்க எத்தனை, கார் எத்தனைன்னு மூணு தனித்தனி கணக்கு. நான் முத வருஷம் "30 பேரு"ன்னு மொத்தமா எழுதி வச்சிருந்தேன், அந்த 30 பேரு 17 கார்ல வந்தாங்க, எங்க கொண்டோவுல விசிட்டர் பார்க்கிங்கே 12 தான்.

வாட்ஸ்ஆப்ல கார்டு அனுப்பி "வருவீங்களான்னு சொல்லுங்க"ன்னு போட்டா நம்ம ஆளுங்க ஒரு பூ எமோஜி போடுவாங்க. அதுக்கு வர்றேன்னும் அர்த்தம் இல்ல, வரலன்னும் அர்த்தம் இல்ல. "பார்க்கலாம்லா"ன்னு சொல்றவங்க கண்டிப்பா வருவாங்க, கூட மாமியாரையும் கூட்டிட்டு வருவாங்க. போன் அடிச்சுக் கேட்டுருங்க. தாடிகா (பாலர் பள்ளி) பிள்ளைங்களை அழைக்கிறதா இருந்தா பிள்ளை மட்டும் வருமா, அம்மா அப்பா தம்பி தங்கச்சி எல்லாரும் வருவாங்களான்னு முகத்துக்கு நேரா கேளுங்க, தப்பே இல்ல. எங்க ஹால்ல 10, 12 பிள்ளைங்களுக்கு மேல ஓடினா கீழ் வீட்டுக்காரங்க ஏறி வந்துருவாங்க.

2. நாள், நேரம்

கேக் வெட்ட ஞாயிறு 5 மணின்னு நான் சொன்னதும் மாமியார் காலண்டரைத் தூக்கிட்டு வந்துட்டாங்க, ஞாயித்துக்கிழமை ராகு காலம் 4.30-ல இருந்து 6 வரைக்கும். சரின்னு சனிக்கு மாத்தினேன். சனிக்கு மாத்தினா அது புரட்டாசி, பாதிப் பேரு மரக்கறி. இதையெல்லாம் கார்டு அனுப்புறதுக்கு முன்னாடியே வீட்டுப் பெரியவங்க கிட்ட கேட்டுருங்க, அனுப்பின பிறகு தேதி மாத்துற மாதிரி அசிங்கம் வேற இல்ல. நட்சத்திரப் பிறந்தநாள் பார்க்கிறவங்க அன்னிக்குக் காலையில கோவில்ல அர்ச்சனையை முடிச்சிடுங்க, பார்ட்டியை வார இறுதிக்குத் தள்ளிக்கலாம்.

நேரம்னா என் கணக்கு 4.30-ல இருந்து 7. சின்னப் பிள்ளைங்க மத்தியானம் தூங்கி எழுந்து நல்ல மூட்ல இருக்கிற நேரம் அது. மலாய்க்கார நண்பர்கள் வந்தா மஃக்ரிப் தொழுகைக்கு முன்னாடி கிளம்ப அவங்களுக்கும் வசதி. முத வருஷம் நான் 7.30-க்கு வச்சேன், நம்ம ஆளுங்க 8.30-க்கு வந்தாங்க, அந்த நேரத்துல 3 வயசுப் பிள்ளை எப்படி முழிச்சிருக்கும்? கார்டுல முடியுற நேரத்தையும் போடுங்க. "4.30 முதல் 7 வரை, கேக் 5.15-க்கு"ன்னு போட்டேன், இந்த வருஷம் 5 மணிக்கெல்லாம் முக்கால்வாசிப் பேரு வந்துட்டாங்க.

அக்டோபர், நவம்பர், ஏப்ரல்ல பெர்த்டே வந்தா சாயங்காலம் இடி மழை உண்டுன்னே வச்சுக்கிட்டு திட்டம் போடுங்க. பார்பிகியூ இடம், நீச்சல் குளத்துப் பக்கம்னு வெளியில புக் பண்ணா மழை வந்தா எல்லாரையும் எங்க ஏத்துறதுன்னு பதில் வச்சிருக்கணும். அக்டோபர்ல இன்னொண்ணு, தீபாவளிக்கு முந்தின வார இறுதிகள்ல மஸ்ஜிட் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் காரை விட்டா வெளிய வரவே முடியாது, பிள்ளைக்கு கவுன் பாவாடை எடுக்கிறதா இருந்தா அதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க.

3. மேனேஜ்மென்ட் ஆபிஸ்

என்னை ரொம்பப் படுத்தினது இதுதான், அதனால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். உங்க வீட்டுக்குள்ளேயே வச்சாலும் சரி, கீழ ஹால்ல வச்சாலும் சரி, 3 வாரத்துக்கு முன்னாடி ஆபிஸுக்கு நேராப் போங்க. பல கொண்டோவுல ஆபிஸ் சனிக்கிழமை அரை நாள்தான், ஞாயிறு கிடையாது, வேலைக்குப் போறவங்க அதைப் பார்த்துக்கணும்.

கொண்டு போக வேண்டியது: ஐசி (அடையாள அட்டை) நகல், வாடகை வீடுன்னா வாடகை ஒப்பந்தத்தோட நகல், ஹால் எடுக்கிறதா இருந்தா புக்கிங் பாரம், டெபோசிட் காசு. சில இடத்துல வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதமும் கேப்பாங்க. எனக்கு விழுந்த அடி வேற மாதிரி. பாரம் எல்லாம் நிரப்பிக் குடுத்த பிறகு, "உங்க யூனிட்டுக்கு மெயின்டனன்ஸ் பாக்கி இருக்கு, புக்கிங் ஏத்துக்க முடியாது"ன்னு கவுன்டர்ல சொன்னாங்க. வாடகையை நான் மாசாமாசம் ஒழுங்கா குடுக்கிறேன், வீட்டுச் சொந்தக்காரர்தான் 5 மாசமா மெயின்டனன்ஸ் கட்டல! அவருக்குப் போன் மேல போன் அடிச்சு, அவர் கட்டி, ரசீதை வாட்ஸ்ஆப்ல வாங்கி ஆபிஸுல காட்டுறதுக்குள்ள 9 நாள் போயிடுச்சு, அந்தத் தேதிக்கு ஹாலை வேற யாரோ எடுத்துட்டாங்க. அதனாலதான் சொல்றேன், வாடகைக்கு இருக்கிறவங்க முதல்ல வீட்டுச் சொந்தக்காரரைக் கேளுங்க, பிறகு ஆபிஸுக்குப் போங்க.

எங்க இடத்துல ஹாலுக்கு 4 மணி நேரத்துக்கு 100 வெள்ளி (ரிங்கிட்), டெபோசிட் 200. அந்த 4 மணி நேரத்துல அலங்காரம் பண்றதும் கூட்டிப் பெருக்குறதும் அடக்கம்னு பாரத்துல பொடி எழுத்துல இருந்துச்சு. அப்ப பார்ட்டிக்கு மிஞ்சுறது ரெண்டரை மணி நேரம்தான். ஏர்கோன் சேர்த்தா சேர்க்கலையா, நாற்காலி எத்தனை, வெளிச் சாப்பாடு கொண்டு வரலாமா, துள்ளுற பெரிய காத்து வீடு வைக்க அனுமதி உண்டான்னு எல்லாம் கேட்டு எழுதி வாங்கிக்குங்க. வாய்ல சொன்னது அன்னிக்கு டூட்டியில இருக்கிற ஆளுக்குத் தெரியாது.

அடுத்தது கார். வர்றவங்க பேரு, கார் பிளேட் நம்பர் லிஸ்ட்டை ரெண்டு நாளைக்கு முன்னாடி ஆபிஸுக்கும் கார்ட் ஹவுஸுக்கும் தனித்தனியா குடுங்க, ஆபிஸுல குடுத்தது கார்ட் கைக்குப் போய்ச் சேரும்னு நம்பாதீங்க. கியூஆர் முறை இருக்கிற கொண்டோன்னா ஒவ்வொரு காருக்கும் கியூஆர் எடுத்து முந்தின நாளே அனுப்பிடுங்க, அன்னிக்கு கேக் கையில வச்சுக்கிட்டு போன்ல கியூஆர் தட்ட முடியாது. பார்க்கிங் பத்தாதுன்னா வெளிய எங்க போடலாம்னு மேப் புள்ளியோட அனுப்புங்க. பக்கத்து யூனிட்காரங்க லாட்ல "அஞ்சு நிமிஷம்தானே"ன்னு யாரும் போடக் கூடாதுன்னும் சொல்லிடுங்க. கிளாம்ப் போட்டா எங்க இடத்துல 50 வெள்ளி, ஆனா 2015 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி நிர்வாக) விதிமுறைப்படி 200 வரைக்கும் போக மேனேஜ்மென்ட்டுக்கு இடம் இருக்கு. அந்த 50 வெள்ளியை நான்தான் கட்டினேன், மூணு காருக்கும். நாத்தனார் வீட்டுக்காரர் இன்னமும் அதைப் பத்திப் பேசுவார்.

கேட்டரிங் வேன் வருதுன்னா அதோட பிளேட், லோடிங் பே எந்தப் பக்கம், எந்த லிப்ட்ல சாமான் ஏத்தலாம்னும் சேர்த்துக் குடுங்க.

4. தரை வீட்டுக்காரங்களுக்கு

தாமான்ல தெரஸ் வீடுன்னா உங்களுக்கு கார்ட் தொல்லை கம்மி. ஆனா கெனொப்பி (பந்தல்) உங்க கேட்டைத் தாண்டி ரோட்டுல கால் வைக்குதுன்னா கோலாலம்பூர்ல மாநகர மன்றம் டிபிகேஎல் அனுமதி எடுக்கணும், பெட்டாலிங் ஜெயான்னா அங்கத்த மாநகர மன்றம் எம்பிபிஜே. ரெண்டு, மூணு வாரம் முன்னாடி ஆரம்பிங்க. கெனொப்பிக் கடைக்காரங்க கிட்டயே "அனுமதி நீங்க எடுப்பீங்களா, நான் எடுக்கணுமா"ன்னு கேட்டுருங்க, இதுலதான் ஆளாளுக்கு அடுத்தவன் பார்த்துப்பான்னு விட்டுடுவாங்க. ரெண்டு பக்கத்து வீட்டுக்கும், எதிர் வீட்டுக்கும் நேராப் போய் சொல்லிட்டு, பார்ட்டி அன்னிக்கு ஒரு தட்டு சாப்பாடும் குடுத்து அனுப்புங்க.

5. சாப்பாடு

கேட்டரிங்காரங்க பல பேரு 40, 50 தலைக்கு கீழ எடுக்க மாட்டாங்க. தலைக்கு 16-ல இருந்து 22 வெள்ளி வரைக்கும் எனக்குச் சொன்னாங்க, கூட போக்குவரத்து தனி. 30 பேருக்கு அது வேஸ்ட். இந்த வருஷம் நான் மீகூன் (அரிசி சேமியா) ரெண்டு பெரிய டிரே, கோழி பொரிச்சது, வெஜிடேரியன் போப்பியா, சுண்டல்னு தெரிஞ்ச ஒரு ஆண்ட்டி கிட்ட ஆர்டர் குடுத்து மொத்தம் 380-ல முடிச்சேன். வீட்டுல சமைச்சு விக்கிறவங்க கிட்ட வாங்கினா தைஃபாய்டு ஊசி போட்டிருக்காங்களா, உணவு கையாளுறவங்க கோர்ஸ் முடிச்சாங்களான்னு கேளுங்க, கோவிச்சுக்கிட்டா வேற ஆள் பாருங்க. சமைச்ச சாப்பாட்டை 4 மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டு முடிக்கணும்னுதான் சுகாதார அமைச்சு சொல்ற கணக்கு, அதனால 4.30 பார்ட்டிக்கு காலையில 11 மணிக்கே கொண்டாந்து வைக்கிறேன்னு சொன்னா வேணாம்னுடுங்க. 4 மணிக்கு வந்தாப் போதும்.

சம்பல், காரம் எல்லாம் தனியா வைங்க. பிள்ளைங்க மீகூனை வெள்ளையாத்தான் சாப்பிடும், இல்லாட்டி நகெட் மட்டும் சாப்பிடும், நீங்க என்ன பண்ணாலும்.

முஸ்லிம் பிள்ளைங்க வந்தா ஹலால் கடையில வாங்கினதை அதே டப்பாவுல, பேரு தெரியுற மாதிரி வைங்க, பேப்பர் தட்டு வைங்க. அவங்க கேக்காமலே நிம்மதியா சாப்பிடுவாங்க. மார்ஷ்மெல்லோ, ஜெல்லி மிட்டாய்ல ஜெலட்டின் இருக்கும், அது அவங்களுக்கும் பிரச்சனை, நம்ம மரக்கறி ஆளுங்களுக்கும் பிரச்சனை. அதுக்குப் பதிலா அகார்-அகார் செஞ்சு வச்சா கடல்பாசிதானே, ரெண்டு பேருக்கும் ஒத்துக்கும், வெளிய வச்சாலும் நம்ம சூட்டுல உருகாது, செலவும் 10 வெள்ளிதான். தண்ணிக்கு சிராப் பண்டோங் (ரோஸ் சிரப் கலந்த பால்) ஒரு தொட்டி, ஐஸ் ரெண்டு மூட்டை.

இன்னொண்ணு சொல்லிடறேன், கோவப்படாதீங்க. சில மாமாங்க காரோட பின்னாடி பியர் பெட்டியோட வருவாங்க, கேக் வெட்டினதும் கீழ இறங்கிடுவாங்க, பிறகு கராவோக்கே, பிறகு ராத்திரி 12 மணிக்கு கம்ப்ளெயின்ட். அது பிள்ளை பெர்த்டே இல்ல. எங்க வீட்டுல இந்த வருஷம் வீட்டுக்காரரே முன்கூட்டி எல்லாருக்கும் போன் பண்ணி "இது தாடிகா பிள்ளைங்க பார்ட்டி, நம்ம பார்ட்டி வேற நாளைக்கு"ன்னு சொல்லிட்டார்.

6. கேக்

ஒரு வாரத்துக்கு முன்னாடி ஆர்டர், டிசைன் கேக்னா ரெண்டு வாரம். 30 பேருக்கு ரெண்டு கிலோ தாராளம், பிள்ளைங்க கிரீமை நக்கிட்டு வச்சிடும். எனக்கு 2 கிலோ 190 வெள்ளி. முட்டை இல்லாதது வேணும்னா ஆர்டர் குடுக்கும்போதே சொல்லணும், பேர்ல எழுத்துப்பிழை வராம எழுதி அனுப்பணும்.

பிரெஷ் கிரீம் நம்ம ஊரு வெயிலுக்கு ஆகாது, பட்டர்கிரீம் கொஞ்சம் தாங்கும். முத வருஷம் மோட்டோர்ல டெலிவரி போட்டு கொண்டாந்த யூனிகோர்ன், வந்து சேரும்போது கழுதை மாதிரி இருந்துச்சு. கேக்னா கார்ல நாமே போய் எடுக்கணும், சீட்டுல வைக்காம கால் வைக்கிற தரையில சமமா வச்சு, ஏர்கோனை முழுசா போட்டு, மெதுவா வரணும். கிளம்புறதுக்கு முன்னாடி பெட்டி எவ்வளவு உயரம்னு கடையில கேட்டு, பிரிட்ஜ்ல ஒரு தட்டைக் கழட்டி இடம் பண்ணி வைங்க. நான் பிரிட்ஜ் முழுக்க தண்ணி போத்தலா அடுக்கி வச்சிருந்தேன்.

மெழுகுவத்தி வாங்குவீங்க, லைட்டர் வாங்க மாட்டீங்க. 30 பேரு சுத்தி நிக்கும்போது அடுப்புல ஒரு சாமி ஊதுவத்தியைப் பத்த வச்சு ஓடி வந்தது நான்தான்.

7. அலங்காரம்

சீக்கிரம் சொல்லிடறேன். கடையில பலூன் ஆர்ச் போட 350-ல இருந்து 600 வரைக்கும் கேட்டாங்க. மிஸ்டர் டிஐஒய், எக்கோ ஷாப்ல சாமான் வாங்கி கைப்பம்புல ஊதி நானும் தங்கச்சியும் முந்தின ராத்திரி 3 மணி நேரத்துல செஞ்சோம், 65 வெள்ளி. வாயால ஊதாதீங்க. செவத்துல பெயின்ட் உரியுற டேப் ஒட்டினா வாடகை டெபோசிட்ல கை வச்சிடுவாங்க. ஹீலியம் பலூனை மத்தியான வெயில்ல கார்ல விட்டுட்டுப் போனா வெடிச்சிடும்.

8. பால்கனியும் பொடிச் சாமானும்

மாடி வீட்டுல முதல் வேலை பால்கனி கதவைப் பூட்டி சாவியை உங்க பாக்கெட்ல வைக்கிறது. வந்தவங்க சிகரெட் குடிக்கத் திறப்பாங்க, திறந்தபடியே விட்டுடுவாங்க. ஜன்னல் பக்கத்துல, கம்பிக்குப் பக்கத்துல இருக்கிற நாற்காலி, பூச்சட்டி, ஏறி நிக்கிற மாதிரி எது இருந்தாலும் நகர்த்திடுங்க.

வெடிச்ச பலூன் துண்டை உடனே பொறுக்கிடணும், வாயில போட்டா தொண்டையில போய் அப்பிக்கும். திராட்சையை நீளவாக்குல நாலா வெட்டுங்க, சாசேஜும் வட்டமா இல்லாம நீளமா வெட்டுங்க, முழுக் கச்சான் (வேர்க்கடலை), பாப்கார்ன், சின்னக் கப்பு ஜெல்லி எல்லாம் மேசையில வேணாம். மினுக்குற லைட்டு பலூன், லைட்டு மோதிரத்துக்குள்ள பொத்தான் பேட்டரி இருக்கும், அதை முழுங்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும், வீட்டுல வச்சு வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரிதான். அவசரத்துக்கு 999. பனி மாதிரி நுரை அடிக்கிற ஸ்ப்ரே தீப்பிடிக்கும், மெழுகுவத்தி எரியும்போது எந்த மாமாவும் அதைக் கையில எடுக்க விடாதீங்க.

9. விளையாட்டு, பார்ட்டி பேக்

மேஜிக்காரர் 450 வெள்ளி கேட்டார், 3, 4 வயசுக்கு தேவையே இல்ல, பாதிப் பிள்ளைங்க பயந்து அழும். மியூசிக் போட்டு நிறுத்துற ஆட்டம், ஸ்டிக்கர், மாவு பிசைஞ்சு விளையாடுறது, இது மூணும் ஒரு மணி நேரம் ஓடும். தோத்தா வெளிய போகணும்னு மட்டும் வைக்காதீங்க, அழுகை அடங்காது. பார்ட்டி பேக் ஒண்ணு 5 வெள்ளிக்குள்ள, எல்லாப் பையிலயும் ஒரே சாமான், ஒரே கலர், கூட 4 பை எக்ஸ்ட்ரா.

10. அன்னிக்கு எப்படி ஓடுச்சு

காலையில கோவில், பசியாறல். 11 மணிக்கு கேக் எடுத்தாச்சு. 1-ல இருந்து 3 வரை பிள்ளை தூங்கணும், இதை யாருக்காகவும் விட்டுக் குடுக்காதீங்க, தாத்தா பாட்டி சீக்கிரம் வந்து எழுப்பப் பார்ப்பாங்க. 4 மணிக்கு சாப்பாடு வந்துச்சு. 4.15-ல இருந்து என் தம்பி கார்ட் ஹவுஸ்லயே நின்னான், கையில லிஸ்ட், போன்ல சார்ஜ். 5.15-க்கு ஆரத்தி, கேக். கேக்கை முதல்லயே வெட்டினதுல லேட்டா வந்தவங்களுக்கு கொஞ்சம் மனத்தாங்கல்தான், ஆனா போட்டோவுல பிள்ளை சிரிக்குது. 6 மணிக்கு இடி மழை, யாருக்கும் கவலை இல்ல, எல்லாரும் உள்ள. 7 மணிக்கு பேக் குடுத்து அனுப்பியாச்சு.

மொத்தம் 935 வெள்ளி ஆச்சு, பிள்ளை உடுப்பு சேர்க்காம. முத வருஷம் கிளாம்பையும் சேர்த்து 1,700-க்குப் பக்கம்.

11. திங்கக்கிழமை டெபோசிட்டை வாங்குங்க

ஹால் எடுத்தவங்க கிளம்புறதுக்கு முன்னாடி செக்யூரிட்டி கார்டைக் கூப்பிட்டு, காலியா கூட்டின ஹாலை வீடியோ எடுத்து, செக்லிஸ்ட்ல அவர் கையெழுத்தை வாங்கிடுங்க. குப்பையை ஹால்லயே விட்டா எங்க இடத்துல 50 வெள்ளி புடிச்சுக்குவாங்க. டெபோசிட் தானா வந்து கதவைத் தட்டாது, ஒரிஜினல் ரசீதோட நீங்கதான் போகணும், ஹால் கிடைக்காம போனாலும் நான் முன்னாடியே கட்டின டெபோசிட்டைக் கேட்டப்போ, நகல் செல்லாதுன்னுட்டாங்க எனக்கு. அந்த ரசீது எங்க இருந்துச்சுன்னா, தங்கச்சி மீதி கேக்கை மூடி வச்ச டப்பாவுக்கு அடியில, பண்டோங் கறையோட. நல்லவேளை நம்பர் மட்டும் தெரிஞ்சுது.